மூன்று நாள் கம்பி

அந்தக் கடையில் கிட்டார் கம்பி வாங்கப் போகிறவர்கள் முதலாளியைத் தேடுவதில்லை. விறுவிறுவென்று மாடியேறி, "ஸ்ட்ரிங் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். ஐம்பதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜை பூராவும் தேடுகிற ஆள். ஆனால் கம்பி என்று வந்துவிட்டால் அக்காவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

"நகத்தால மீட்டுவீங்களா, பிக் வச்சா? பாட்டுக்குக் கூட வாசிக்கவா, தனியாவா? கிட்டாருக்கு என்ன வயசு?"

மூன்றே கேள்வி. பதில் முடிவதற்குள் கை பின்னால் போய் ஒரு பாக்கெட்டை உருவிக்கொண்டு வரும். விரல் நோகிறது என்பவருக்குப் பத்தாம் நம்பர் மெல்லிசுக் கம்பி. மேடையில் அடித்து வாசிப்பவருக்குப் பன்னிரண்டு. துத்தநாகம் கலந்த சுற்றுக் கம்பி என்றால் கணீர், பாஸ்பர் வெண்கலம் என்றால் கொஞ்சம் வெதுவெதுப்பு. பழைய கிட்டாரில் தடிமன் கம்பியைப் போட்டு இழுத்தால் பலகை மேலே எழும்பிவிடும் என்று திட்டியே அனுப்புவாள். கீழே கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பெண், "எங்க அக்கா பதினெட்டு வருஷமா கம்பி எண்ணுறாங்க, இன்னும் விடுதலையாகலை" என்று புது ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அக்காவும் சிரிப்பாள். அட்டைப் பெட்டி ஒட்டுகிற வேலைக்கு வந்தவள் காதை வைத்தே இவ்வளவு தூரம் ஏறியிருக்கிறாள், சிரிக்க மாட்டாளா?

அவளுடைய பெரிய பெருமை சுவரில் ஒட்டியிருந்த பட்டியல். புதுக் கம்பி எது வந்தாலும் மூலையில் தொங்குகிற பழுப்புக் கிட்டாரில் மாட்டுவாள். அந்தக் கிட்டாரை வேறு யாரும் தொடக் கூடாது, முதலாளி உட்பட. தினமும் கடை மூடுவதற்கு முன் அரை மணி நேரம் வாசிப்பாள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் சத்தம் எப்படி என்று பட்டியலில் எழுதுவாள். "ஒரே கிட்டார், ஒரே பிக், ஒரே கை. அப்பத்தான் நியாயம்" என்பாள். கேட்பவர்களுக்கும் அது நியாயமாகத்தான் படும்.

பட்டியல் சொன்னது இதுதான். மேலே மெல்லிசாகப் பூச்சுப் போட்ட விலை கூடிய கம்பிகள் ஏழு நாளும் தாங்கும். பூச்சு இல்லாத வெண்கலக் கம்பி எந்தக் கம்பெனியுடையதானாலும் மூன்றாம் நாள் கறுத்து, சத்தம் செத்துப்போகும். "இதெல்லாம் மூணு நாள் கம்பி" என்று ஒதுக்கிவிடுவாள். யாராவது, "இல்லக்கா, நான் மூணு மாசமா இதையேதான் வாசிக்கிறேன்" என்று சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கம்பி எப்பவோ செத்துடுச்சு, உங்க காதுதான் மரத்துப்போச்சு" என்று வாயை அடைத்துவிடுவாள். எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! ஒருவர் சொன்னதையாவது அவள் காதில் வாங்கியிருக்கலாம்.

அவளுக்கென்று இருந்த ஒரே உறவு தங்கை. அம்மா போன பிறகு இவள்தான் தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்தாள். தங்கையின் கணவர் மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிறவர். கம்பி சுற்றுகிற கை. மனைவியின் அக்கா வேலை பார்க்கிற கடைக்கு வந்துபோனதில் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. மோட்டாருக்குச் சுற்றுகிறவன் கிட்டாருக்குச் சுற்ற முடியாதா? வேலையை விட்டார். ஒரு தகர ஷெட்டைப் பிடித்தார். ஸ்டீல் கம்பி நடுவில் விர்ரென்று சுழல, வெண்கலக் கம்பியை விரலாலேயே ஒட்டி ஒட்டி ஊட்ட வேண்டும். அதில் மூன்றாவது கம்பிதான் அவர் உயிரை வாங்கியது. சுற்றுக் கம்பிகளிலேயே அதுதான் மெல்லிசு. கொஞ்சம் இறுக்கினால் அறுந்துபோகும், கொஞ்சம் விட்டால் கரகரக்கும். ஒரு வருஷம் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். கடைசியில் முனையில் பச்சை நூல் கட்டிய இருபது பாக்கெட்டுகளோடு கடைக்கு வந்தார். "மூணு மாசம் தாங்கும்க்கா" என்றார்.

அக்கா பழுப்புக் கிட்டாரில் மாட்டினாள். முதல் நாள் சத்தத்தில் அவளுக்கே கண் கலங்கியது, அவ்வளவு நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் கம்பி கறுத்து, சத்தம் பொத்துப்பொத்தென்று விழுந்தது.

முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தங்கையின் கணவர் கம்பியைப் பார்த்தார். அப்புறம் அவளுடைய விரல் நுனிகளைப் பார்த்தார். ரொம்பத் தயங்கித்தான் கேட்டார்.

"அக்கா, வேற யாராவது ஒருவாட்டி வாசிச்சுப் பார்க்கட்டுமே."

"ஏன், என் கையில என்ன குறை? சொந்தக்காரர்னா நான் கண்ணை மூடிக்கணுமா தம்பி?"

"அப்படிச் சொல்லலைக்கா…"

"வேற எப்படிச் சொல்றீங்க? யார் கொண்டுவந்தாலும் என் பட்டியல் ஒண்ணுதான்."

முதலாளி பூரித்துப்போனார். "பார்த்தீங்களா, இதான் எங்க அக்கா!" என்றார். அந்தப் பாராட்டு அவளுக்கு ஒரு வாரம் இனித்தது. பட்டியலில் மூன்றாம் நாள் கட்டத்தில் "செத்தது" என்று எழுதினாள்.

அந்தப் பட்டியல் சொன்னதைக் கேட்டு மற்ற கடைக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள். எட்டு மாதத்தில் ஷெட் மூடியது. தங்கை போன் செய்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "உன் நியாயத்தை நீயே வச்சுக்க." அதற்குப் பிறகு நான்கு வருஷம், பேச்சுவார்த்தையே கிடையாது. அக்கா எத்தனையோ தடவை போனை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறாள். ஆனால் உள்ளுக்குள் ஒன்று அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தப்பு என் மேல் இல்லை, நான் பொய் எழுதவில்லை. அது ஒன்றுதான் அவளுக்குச் சோறும் தூக்கமும்.

போன மாதம் ஒரு நர்ஸம்மா, கம்பியை முறுக்கும் சாவி உடைந்த கிட்டாரோடு மாடியேறி வந்தார். அக்கா உறையைப் பிரித்தாள். கம்பி முனையில் பச்சை நூல்.

"இது எங்க வாங்கினீங்க?" நூலைத் தொட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஒருத்தர் ஷெட்டைக் காலி பண்றப்ப பெட்டியோட வாங்கினேன். இதுதான் கடைசிப் பாக்கெட், மாட்டி அஞ்சு மாசம் ஆச்சு. டியூட்டி முடிஞ்சு வந்து தினமும் ஒரு மணி நேரம் இதோடதான். ஏங்க, மாத்தணுமா?"

அக்கா ஒரு தடவை மீட்டிப் பார்த்தாள். கம்பி பளபளப்பாக இல்லை, ஆனால் உயிரோடு இருந்தது. நன்றாகவே இருந்தது. "மூணு நாள் கழிச்சு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

புதுச் சாவி மாட்ட அரை மணி போதும். ஆனால் அவள் கிட்டாரைத் திருப்பித் தரவில்லை. எங்கேயோ குறை இருக்க வேண்டும், கண்டுபிடித்தே தீருவது என்று மூன்று நாளும் சாயங்காலம் உட்கார்ந்து வாசித்தாள். மூன்றாம் நாள் கம்பி கறுத்தது, சத்தம் விழுந்தது. நம்ப மாட்டீர்கள், அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "பார்த்தியா, செத்துடுச்சு!" என்று வாய்விட்டே சொன்னாள்.

சொல்லி முடித்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. அந்த அம்மா கையில் ஐந்து மாதம் இருந்த கம்பி. தன் கையில் மூன்று நாள்.

விரலைத் திருப்பிப் பார்த்தாள். நுனியெல்லாம் பச்சையும் கறுப்புமாக மை பூசியது போல் இருந்தது. பதினெட்டு வருஷமாக அதைக் கம்பியின் அழுக்கு என்று நினைத்துச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள்.

மறுநாள் வந்த நர்ஸம்மா கம்பியைப் பார்த்து, "அய்யய்யோ, என்னங்க பண்ணீங்க?" என்று பதறினார். அப்புறம் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார். "ஓ, உங்களுக்கும் வேர்வை அப்படியா? எங்க வார்டுல ஒருத்திக்கு இப்படித்தான். அவ கட்டுற வாட்ச் கொக்கியெல்லாம் ஒரே மாசத்துல பச்சை பூத்துரும். நோயெல்லாம் இல்லைங்க, உடம்புவாகு. யாரும் சொன்னதில்லையா உங்களுக்கு?"

"ஒருத்தர் சொல்ல வந்தார்" என்றாள் அக்கா.

அப்போதும் அவள் புத்தி கம்பிக்காரி புத்திதான். சரிபார்க்காமல் விடவில்லை. ஒரே மாதிரி இரண்டு கிட்டார், ஒரே பெட்டியில் வந்த பூச்சில்லாத கம்பி. ஒன்று தனக்கு, இன்னொன்று கல்லாப் பெண்ணுக்கு. "அக்கா, எனக்கு ரேடியோவைத் திருகுறது தவிர ஒண்ணும் தெரியாது" என்று அவள் சிணுங்கினாள். "சும்மா மேலயும் கீழயும் தடவிட்டு மீட்டுடி, போதும்." ஒரு வாரம். அக்காவின் கம்பி மூன்றாம் நாளே செத்தது. கல்லாப் பெண்ணின் கம்பி ஏழாம் நாளும் கணீரென்று கேட்டது. அந்தப் பூச்சு இத்தனை காலம் காப்பாற்றியது சத்தத்தை இல்லை. இவள் வேர்வையிலிருந்து கம்பியைத்தான் காப்பாற்றியிருக்கிறது.

பட்டியலைக் கிழித்து எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள். எல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார், டீயை உறிஞ்சிக்கொண்டே.

"சரிம்மா. இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்லை. இனிமே வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லணும்."

"எதுக்கு? பூச்சுக் கம்பி நல்லாத்தானே ஓடுது. வாங்கினவன் ஒருத்தனாவது குறை சொன்னானா?"

"பட்டியல் தப்புங்க."

"உன் பட்டியலைப் பார்த்துத்தான் கடைக்கே வர்றாங்க. திடீர்னு போய், என் கையில கோளாறு, இத்தனை வருஷம் எழுதினது எல்லாம் தப்புன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வா, எல்லாம் சரியாயிடும்."

லீவு போடவில்லை. மறுநாள் முதல் ஆளிடமே சொல்லிவிட்டாள், இரண்டாம் ஆளிடமும் சொன்னாள். வார முடிவில் அவள் மாடியில் இல்லை, கீழே குடோனில் இருந்தாள். அட்டைப் பெட்டி ஒட்டுகிற வேலை. எங்கே ஆரம்பித்தாளோ அதே மேஜை. மாடிச் சுவரில் பட்டியல் புதிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தங்கை வீட்டுக்குப் போனாள். நான்காவது மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளைத் தங்கை கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து அவர் குரல்.

"நியாயஸ்தர் வந்திருக்காங்க" என்றாள் தங்கை.

அவர்தான் உள்ளே உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். இப்போது மெத்தைக் கம்பெனியில் ஸ்பிரிங் சுற்றுகிறாராம். "அதுவும் கம்பிதான்க்கா. என்ன, இப்ப யாரும் காதை வச்சுக் கேக்கறதில்லை, முதுகை வச்சுத்தான் கேக்கறாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்க்கா. அன்னைக்கு உங்க விரலைப் பார்த்தப்பவே தெரியும். பட்டறையில இப்படி ஒருத்தர் இருந்தாரு, செம்புக் கம்பியைத் தொடவே விட மாட்டாங்க."

"அப்புறம் ஏன் தம்பி வாயைத் திறக்கலை?"

"திறந்தேனே. நீங்க மூடிட்டீங்க. அதுக்கு மேல, முதலாளி முன்னால உங்க கை விஷம்னு எப்படிச் சொல்றது? உங்க பொழப்பே அந்தக் கைதானே."

அக்கா நிமிர்ந்தாள். "நான் இப்ப எல்லாக் கடைக்கும் போய்ச் சொல்றேன். மறுபடியும் ஷெட்டைப் பிடிங்க. நான் கூடவே நிக்கிறேன்."

"மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சுக்கா."

தங்கை அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை.

"யாரோ ஒருத்தன் கொண்டுவந்திருந்தா வேற ஒருத்தர் கையில குடுத்துப் பார்த்திருப்பே. தங்கச்சி புருஷன்னுதான் விறைச்சுக்கிட்டு நின்னே. நாலு பேர் நல்லவங்கன்னு சொல்லணும் உனக்கு. சொன்னாங்கல்ல? வயிறு நிறைஞ்சுதா?"

"தப்புதான்டி."

"தெரியுது. இப்ப வந்து சொன்னதுல உனக்குப் பாரம் இறங்கிடுச்சு. நல்லா இரு. அடுத்த தடவை வர்றதா இருந்தா போன் பண்ணிட்டு வா. நான் வீட்டுல இல்லாத நேரமாப் பார்த்துக்கலாம்."

அக்கா எழுந்தாள். தங்கை அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.

படியில் இரண்டு மாடி இறங்கியிருப்பாள். பின்னால் தடதடவென்று செருப்புச் சத்தம். அவர்தான். பஸ் ஏற்றிவிட வருகிறார் என்று நினைத்தாள். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த நர்ஸம்மா கிட்டார்ல… மூணாவது கம்பி எப்படி இருந்துச்சுக்கா? அஞ்சு மாசத்துக்கு அப்புறமும்?"

அக்காவுக்கு அழுகை முட்டியது. ஆனால் கேட்டது கம்பிக்காரர், பதில் சொல்ல வேண்டியவள் கம்பிக்காரி.

"கரகரப்பு இல்லை. பக்கத்துக் கம்பியோட சத்தத்தை அமுக்கலை, அதுக்குள்ள ஒளியவும் இல்லை. மீட்டினதும் விழுந்துடாம நின்னு ஒலிச்சுது தம்பி. நான் மாட்டின எந்தக் கம்பெனி மூணாவது கம்பியும் அப்படி நின்னதில்லை."

"கீழ் ஃப்ரெட்டுல சரி. விரல் மேல ஏறினப்ப?"

"மேலயும்தான்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். மேலேயிருந்து தங்கையின் குரல் கேட்டது. "என்னங்க, எங்க போயிட்டீங்க?"

"இதோ" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படியேறினார். அக்கா மீதி இரண்டு மாடியைத் தனியாக இறங்கினாள்.