கடல் தின்ற செம்பு

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. என் அம்மாவை ஊர் நடுவே நிற்கவைத்து, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவள் செய்த குற்றம் என்ன? கடல் கொடுத்த தங்கத்தைக் கடல் கொடுத்தபடியே என் கல்யாணத்துக்குக் கொடுத்தாள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசிப் புயல். மாமல்லபுரத்தில் எங்கள் குப்பத்துப் பெண்கள் புயல் ஓய்ந்ததும் சல்லடையோடு கரைக்கு ஓடுவோம். கடல் மணலை வாரிப் புரட்டியிருக்கும். பழைய காசு, ஆணி, ஏதாவது சிக்கும். அந்த வருஷம் அம்மாவுக்கு மொச்சைக்கொட்டை அளவில் ஒரு தங்கக்கட்டி கிடைத்தது. நகையில் உடைந்ததா, பூமியில் விளைந்ததா, யாருக்குத் தெரியும்? நல்ல மஞ்சள்.

புதுப்பட்டினத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால்தான் செங்கல்பட்டுத் தட்டான் ஒருவர் அதை உரைகல்லில் உரசிப் பார்த்தார். மாற்றுக் குறையாத தங்கம் என்றார். ஒரு மூலையில் வெட்டிப் பார்க்கலாமா என்றும் கேட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடல் தானாகக் கொண்டுவந்து தந்ததில் அவள் கத்தி வைக்கமாட்டாள். கோயிலுக்குக் கொடுக்கிற மீனைக்கூட முழுசாகத்தான் கொடுப்பாள்.

"கடலாத்தா கெங்கம்மா குடுத்தது. உங்க வூட்டுக்கு வந்தப்புறம் நீங்க இன்னா வேணா பண்ணிக்கோங்க" என்றாள். மாமியாரும் சரியென்று தலையாட்டினாள். ஆட்டவில்லை என்று பிறகு சாதித்தாளே, ஆட்டினாள்! நான் என் கண்ணால் பார்த்தேன்.

கல்யாணமான சில மாதத்தில் மாமியாரும் என் வீட்டுக்காரரும் சங்கிலி செய்ய அந்தக் கட்டியை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு, அதே தட்டானிடம் போனார்கள். வெட்டினால் உள்ளே வெளிறிக் கிடந்ததாம். வெள்ளியும் செம்பும் கலந்த மட்டத் தங்கம். வந்ததும் வராததுமாக மாமியார் தெருவில் நின்று கத்தினாள்.

"மேல முலாம் பூசிக் குடுத்துகீறா உங்காத்தா! அதுக்குத்தான் வெட்ட வேணான்னா!"

எங்கள் குப்பத்துக் கோயில் முன்னால் ஊர் கூடியது. அம்மா எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். சத்தியம் செய்தவளை நம்பினார்களா? அதுதான் இல்லை. 'பித்தளை' என்று பெயர் வைத்தார்கள். அவள் மீன் கூடையை இறக்கினாலே, "பித்தளை வந்துகினு கீது, செவுள தூக்கிப் பாத்து வாங்குடி" என்பார்கள். அழுகல் மீனை ஒரு நாளும் விற்காதவளைப் பார்த்து! என் வீட்டுக்காரர் அன்று கூட்டத்தில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் புதுப்பட்டினத்திலிருந்து கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்கு மீன் கொண்டுபோவேன். அங்கே கெமிஸ்ட்ரி படித்து வேலை பார்க்கிற ஒரு அம்மா உண்டு. ஒருநாள் அவருக்கு வஞ்சிரம் நறுக்கிக்கொண்டே என் ஆற்றாமையைக் கொட்டினேன். அவர் உள்ளே போகாமல் நின்று முழுசும் கேட்டார்.

"உங்கம்மா மேல தப்பே இல்லம்மா. தங்கம் தனியாப் பொறக்கறதில்ல. பூமிக்கடியில கொதிக்கிற தண்ணியில கரைஞ்சு வந்து பாறை இடுக்குல படியும்போதே வெள்ளியும் கொஞ்சம் செம்பும் கூடச் சேர்ந்துக்கும். அப்புறம் ஆத்துலயோ கடல்லயோ காலங்காலமாக் கிடந்தா, மேலாப்புல இருக்கற வெள்ளியையும் செம்பையும் தண்ணி கரைச்சுடும். தங்கத்தை மட்டும் அதால ஒண்ணும் பண்ண முடியாது. அதனால தோல் நல்ல தங்கமா நிக்கும், உள்ள பழைய கலப்பு அப்படியே இருக்கும். நீங்க தோலைத்தானே உரசிப் பாத்தீங்க?"

மீதி மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைத் தூக்கவில்லை மனுஷன்.

"தெரியும்" என்றார். "வெட்டுன அன்னிக்கே தட்டான் சொன்னாரு, கடல்ல கெடந்த தங்கம் இப்டித்தான் இருக்கும்னு. அம்மாதான் வெளிய சொல்லாதன்னுச்சு."

அடப்பாவி! தெரிந்தேதான் என் அம்மா கையைச் சுட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா?

"இப்பவே வா. ஊரைக் கூட்டி இத சொல்லு."

"எங்கம்மாவ ஊரு நடுவுல நிக்கவெக்கச் சொல்றியா? அதுக்கு மானம் இல்லியா?"

"எங்கம்மாவுக்கு?"

கை கழுவ எழுந்து போய்விட்டார்.

நானே எங்கள் குப்பத்துப் பெரியவர்களிடம் போனேன். ஆத்தாளுக்கு மகள் வக்காலத்து வாங்குகிறாள் என்று சிரித்தார்கள். தட்டானிடம் போனேன். ஊர் வம்பு எனக்கு எதுக்கும்மா என்று கழன்றுகொண்டார். மிச்சம் இருந்தது என் வீட்டுக்காரரின் வாய் ஒன்றுதான். கெஞ்சினேன், சண்டை போட்டேன், பட்டினி கிடந்தேன். கல்லுளிமங்கன், அசையவில்லை.

எழுபதுகள் முடிவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்தாள். பாடைக்குத் தோள் கொடுக்க, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார்.

"தொடாத" என்றேன்.

பறை நின்றது. ஊர்ப் பெரியவர் ஒருவர், "இன்னாம்மா, மருமவன தடுக்கிற?" என்றார்.

"ஏன்னு அவரையே கேளுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், இப்போதாவது வாயைத் திறப்பார் என்று. அவர் திரும்பி, பெண்கள் நடுவே நின்ற தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றார்.