தொட்டுப் பிரித்த இலைகள்

நெடுந்தீவுக்கு எனக்கு மாற்றம் வந்தபோது வயது நாற்பத்தேழு. குடும்பநல உத்தியோகத்தர் என்பது வேலையின் பெயர். கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்ற தாய்மாரையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, குழந்தையை நிறுப்பது, ஊசிக்கு நாள் குறித்துக் கொடுப்பது. தீவில் அந்த நீண்ட பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் நான் ‘மிஸி’தான். என் வீடு வேலணையில். சனிக்கிழமை படகேறிப் போய்த் திங்கள் காலை திரும்பிவிடுவேன். இருபத்திரண்டு வருட வேலையில் எத்தனையோ தாய்மாரிடம், “இலை குழை ஒண்டும் தேவையில்லை, சுடுதண்ணி காணும்” என்று சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த மார்கழியில் எனக்குக் கிடைத்த தாய் மலையகத்துப் பெண். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்து, அங்கே கடையில் நின்ற நெடுந்தீவுப் பொடியனைக் கல்யாணம் முடித்து, அவன் கடல்தொழிலுக்குத் திரும்பியபோது அவனோடு வந்தவள். அவனுக்குத் தாய் இல்லை. அவளுடைய தாய்க்கு அவ்வளவு தூரம் வர உடம்பு இடம் கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பெண் குழந்தை பிறந்து, நான்காம் நாள் மூன்று பேரும் படகில் வந்து இறங்கினார்கள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

அடுத்த நாள் நான் போனபோது, அவளுடைய புருஷன் ஒரு சாக்கு நிறைய இலைகளோடு முற்றத்தில் நின்றான்.

“மிஸி, இண்டைக்கு அஞ்சாம் நாள். தண்ணி வார்க்கவேணும். அம்மா இருந்திருந்தால் என்ன இலை எண்டு தெரிஞ்சிருக்கும். நான் ஆக்களிட்டைக் கேட்டுக் கேட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தனான். சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

எனக்கு வேம்பையும் ஆமணக்கையும் தெரிந்தது. மற்றதெல்லாம் பச்சை. வழமைபோல, சுடுதண்ணி காணும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், “பக்கத்து வளவு அக்காவை வரச்சொன்னனான்” என்றான்.

கல்வேலிக்கு மேல் ஒரு கை தெரிந்தது. நெடுந்தீவில் வளவுகளைப் பிரிப்பது பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலி. அந்தக் கற்களை விரல்களால் தடவிக்கொண்டு ஒரு பெண் நடந்து வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஐந்து வயதில் வந்த சின்னமுத்து என்னும் தட்டம்மைக் காய்ச்சலோடு இரண்டு கண்ணும் போய்விட்டதாம். ஓலைப்பெட்டி இழைத்தும் ஆடு வளர்த்தும் சீவிக்கிறவள். கண் தெரியாத ஒருத்தியிடம் இலையைக் காட்டி என்ன செய்யப்போகிறான் என்று நினைத்தபடி, விறாந்தையில் இருந்த கதிரையில் அமர்ந்தேன்.

அவள் பாய் விரிக்கச் சொல்லி, சாக்கைக் கொட்டச் சொன்னாள். இரண்டு கையையும் பாவாடையில் நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடங்கினாள்.

முதலில் எடுத்தது நொச்சி. தொட்டதும் விரல்கள் விரிந்த இலையின் ஐந்து நுனிகளுக்கும் போய் வந்தன. “இது உடம்பு நோவுக்கு. நிறையக் கிடக்கு, நல்லது.” அடுத்தது பாவட்டை. “வீக்கம் வத்தும்.” வேப்பிலையை எடுத்த வேகத்திலேயே ஒரு பக்கம் வைத்தாள். ஆமணக்கின் காம்பை நசுக்கி, உள்ளே குழல்போல் இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டாள். தேசி என்கிற எலுமிச்சை இலையை மணக்கக்கூட இல்லை. அது பாயில் விழுந்தபோதே தனக்கு மணந்துவிட்டது என்றாள். புளியங்கொத்து ஒன்றைக் காதுக்குப் பக்கத்தில் உருவினாள். உருவும் சத்தத்தில் இலை முற்றலா இளசா என்று தெரியுமாம். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

நீளமான ஓர் இலையைப் பிரித்து எடுத்துப் புருஷன்காரனிடம் நீட்டினாள். “இது ஆடாதோடை. தண்ணிக்குப் போடாதை. நீ ரெண்டு நாளாய் இருமுறாய், வேலிக்கு அங்காலை கேக்குது. அவிச்சுக் குடி. குறையாட்டில் ஆசுப்பத்திரிக்குப் போ.”

குவியலின் அடியில் தடித்த, பஞ்சுபோல் மெத்தென்ற இலைகள் நாலைந்து கிடந்தன. அவற்றைத் தொட்டதும் அவளுடைய கை நின்றது. “எருக்கலை. ஆர் இதைச் சொன்னது? இதிலை பால் வரும். குழந்தையைக் குளிப்பாட்டுற கை, கண்ணிலை பட்டால் கூடாது.” எழுந்து, வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு வந்து, இன்னொருமுறை கை கழுவினாள். கண்ணைப் பற்றி அவள் சொன்னது சாதாரணமாகத்தான். எனக்குத்தான் என்னவோ செய்தது.

அரை மணித்தியாலத்தில் அந்தப் பச்சைக் குவியல் ஆறு சின்னக் குவியல்களாகிவிட்டது. ஒரு இலைகூட மாறிக் கிடக்கவில்லை. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்வையுள்ள எனக்கு அதைச் சரிபார்க்கவே நேரம் எடுத்தது. பெரிய பானையில் தண்ணீர் கொதித்து இலைகள் அவிந்தபோது வளவு முழுவதும் கைப்பும் புளிப்புமாக ஒரு வாசம் எழுந்தது. பொறுக்கும் சூடு வரும்வரை அவள் தன் முழங்கையால் தொட்டுப் பார்த்து, மலையகத்துப் பெண்ணுக்கு வார்த்தாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, “எங்கம்மா ஊத்துற மாதிரியே இருக்கு அக்கா” என்று அழுதாள்.

அந்த வார விடுமுறையில் வீட்டுக்குப் போயும் எனக்கு அந்தக் கைகளே நினைவில் நின்றன. உண்மையைச் சொன்னால், முழுக்க நம்பவும் மனம் வரவில்லை. புருஷன்காரன் பிடுங்கும்போதே சொல்லியிருப்பானோ என்றும் தோன்றியது. ஞாயிறு பின்னேரம் எங்கள் வளவில் இறங்கினேன். வல்லாரை, குப்பைமேனி, முடக்கொத்தான், கரிசலாங்கண்ணி எல்லாம் மழைக்கு முளைத்துக் கிடந்தன. கீழாநெல்லியும் இருந்தது. அதன் பக்கத்திலேயே அச்சாக அதைப்போல இன்னொரு பூண்டு. எங்கள் ஊரில் விசயம் தெரிந்த ஒருவர்தான் எனக்கு அந்த வித்தியாசத்தைக் காட்டினார். அவரும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் காட்டினார். எல்லாவற்றையும் ஈரப் பேப்பரில் சுற்றிப் பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை குழந்தையின் வீட்டுக்குப் போனேன். நான்கு நாளாக வெயில் இல்லை. வீட்டின் உள்ளறையில் துணியால் சுற்றிய குழந்தை படுத்திருந்தது. “பால் குடிக்கிறாளோ?” என்று கேட்டேன். “குடிக்கிறா மிஸ். ஆனா தூங்கிக்கிட்டே இருக்கா” என்றாள் தாய். நான் கொப்பியில் எழுதிவிட்டு, பக்கத்து வளவுக்குப் போய்விட்டேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

கண் தெரியாத அந்தப் பெண் நான் கொடுத்த பொட்டலத்தை மடியில் விரித்தாள். வல்லாரையையும் மற்றவற்றையும் பேர் சொல்லி வைத்தாள். முடக்கொத்தானின் காயைச் சிறுபிள்ளைபோல் அமுக்கி, பட்டென்று வெடிக்கவைத்துச் சிரித்தாள். கடைசியில் அந்த இரண்டு பூண்டுகளும். இரண்டையும் புரட்டி, இலைக்குக் கீழே வரிசையாக இருக்கும் சின்னக் காய்களைப் பெருவிரலால் நீவினாள்.

“இது கீழாநெல்லி. காய் வழுவழுப்பு. மற்றது அதில்லை, காய் சொரசொரக்குது. ரெண்டும் இந்தத் தீவிலை நிண்டதில்லை. வேரிலை மணல் கிடக்கு. இஞ்சை பிடுங்கினால் வேரோடை கல்லுத்தான் வரும்.” பிறகு கேட்டாள்: “சோதினை முடிஞ்சுதோ, மிஸி?”

மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. கீழாநெல்லியை வைத்திருக்கலாமா என்று கேட்டு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மழைக்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு குழந்தையின் தகப்பன் கிளினிக் வாசலுக்கு வந்தான்.

“அக்கா உங்களை உடனை கூட்டிவரச் சொன்னவ.”

“ஏன், என்ன?”

“பிள்ளையின்ரை அழுகை மாறிப்போச்செண்டு சொல்லுறா.”

நான் போனபோது உள்ளறையில் மூன்று பெண்கள் இருந்தார்கள். தாய் ஒரு மூலையில் குந்தியிருந்தாள். முன்வீட்டு அம்மா ஒருத்தி, சின்னக் கோப்பையில் பச்சைச் சாறோடு நின்றாள். கண் தெரியாத பெண் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். குழந்தைக்குப் பருக்கும் சங்கு அவளுடைய மற்றக் கைக்குள் இருந்தது. விரல்கள் வெளுக்கும்படி அதை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“பாருங்கோ மிஸி,” என்றாள் முன்வீட்டு அம்மா. “பிள்ளைக்கு மஞ்சள். கீழாநெல்லி அரைச்சுக்கொண்டு வந்திருக்கிறன். ஒரு சங்கு உள்ளை போனால் இறங்கிவிடும். இவ சங்கைத் தரமாட்டன் எண்டு நிக்கிறா. கண்ணும் தெரியாது, சொன்னாலும் கேக்கிறா இல்லை.”

“பெரிய ஆக்களுக்குக் குடுக்கிற மருந்து அது,” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “ஒம்பது நாள் பிள்ளைக்கு இல்லை. மிஸி, முந்தநாள் வரைக்கும் இவள் இழுத்து அழுதவள். நேற்றுப் பாதியிலை விட்டிட்டாள். இண்டைக்கு நூல் மாதிரிப் போகுது. காலைச் சுண்டினால் இழுக்கிறாள் இல்லை. இது இலையாலை பாக்கிற வருத்தமில்லை. நீங்கள் பாருங்கோ.”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலின் வெளிச்சத்துக்கு வந்தேன். முகம், நெஞ்சு, வயிறு, கடைசியில் உள்ளங்கால். உள்ளங்காலும் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் அவ்வளவு கீழே இறங்கினால் பிள்ளைக்கு ஆபத்து. முதல்நாள் நான் அதே வாசலைக் கடந்துதான் பக்கத்து வளவுக்குப் போனேன். பையில் இலைகளோடு.

அதன்பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. தீவு ஆசுப்பத்திரி டொக்டர் பார்த்ததும், “இஞ்சை வைச்சிருக்க ஏலாது” என்றார். காற்றுக் கூடிப் பயணிகள் படகு நின்றுபோயிருந்தது. கடற்படையிடம் கேட்டு ஒரு படகு கிடைத்தது. தாயும் தகப்பனும் நானும் ஏறினோம். அலை ஒவ்வொன்றும் படகைத் தூக்கிப் போட்டது. தாய் தன் நெஞ்சுக்குள் குழந்தையை வைத்து மூடியிருக்க, நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை உள்ளே விட்டு உள்ளங்காலைச் சுண்டினேன். கால் அசைகிறதா என்பதைத் தவிர வேறொன்றும் என் மனதில் இல்லை. குறிகாட்டுவான் இறங்குதுறையில் அம்புலன்ஸ் காத்து நின்றது. மடத்துவெளி, வேலணை எல்லாம் கண்ணாடியில் மழைத்தண்ணீராகப் போயின. என் வீட்டு ஒழுங்கையைத் தாண்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில் குழந்தையை மஞ்சளை இறக்கும் நீல வெளிச்சத்தின் கீழ் வைத்தார்கள். மூன்றாம் நாள் அவள் குரலெடுத்து அழுதாள். வாட்டில் இருந்த தாய்மாரெல்லாம் திரும்பிப் பார்க்கும்படியான அழுகை. டொக்டர் என்னிடம், “ஒரு நாள் பிந்தியிருந்தால் சொல்ல ஏலாது. ஆர் கவனிச்சது?” என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண் என்றேன். கண் தெரியாதவள் என்று சொல்ல ஏனோ எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் நான் அழுதுவிடுவேன்போல் இருந்தது.

முப்பத்தோராம் நாள் துடக்கு என்னும் பேறுகாலத் தீட்டைக் கழித்தபோது அந்த வீட்டுக்கு நானும் போயிருந்தேன். குழந்தை நல்ல நிறை. முன்வீட்டு அம்மாதான் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவளே குழந்தையைத் தூக்கி, கண் தெரியாத பெண்ணின் மடியில் வைத்தாள்.

சாப்பாடு முடிந்தபின் வேலியோரம் அவளோடு நின்றேன். எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன். “அண்டைக்கு நான் பிள்ளையை வடிவாப் பாக்கேல்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருந்தால் முதல்நாளே தெரிஞ்சிருக்கும்.”

“நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்,” என்றாள். குத்திச் சொன்னதுபோல் இருக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

இதெல்லாம் ஆரிட்டைப் பழகினீர் என்று கேட்டேன். ஒருவரிடமும் இல்லை என்றாள். கண் போனபிறகு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அவளுடைய அம்மா அவளை ஆடுகளோடு விட்டுவிட்டாள். தாய் ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இவள் தீவு முழுக்க நடந்தாள். ஆடு எங்கே குனிந்ததோ அங்கே அவளும் குனிந்து தொட்டாள். எதைத் தின்றது, எதை மணந்துவிட்டு விட்டது, வயிறு ஊதினால் எதைத் தேடிப் போனது, குட்டி போட்டபின் எதைக் கேட்டது. வீட்டுக்கு வந்து அந்த இலையைக் காட்டிப் பேர் கேட்பாள். பேர் மட்டும்தான் மனிதர்கள் சொன்னது.

“அப்ப பிள்ளைக்குக் குடுக்கக்கூடாது எண்டு எப்பிடித் தெரியும்?”

“எந்த இலையையும் தாய் ஆடுதான் தின்னும், மிஸி. பிறந்த குட்டி வாய் வைக்காது. அதுக்குப் பால்தான். குட்டி பால் குடிக்காமல் கத்தவும் மாட்டாமல் கிடந்தால், எங்கடை அம்மா அதைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிட்டை ஓடுறவ. இலை தேடிப் போகமாட்டா.”

பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பக்கம் பக்கமாகப் படிப்பித்தது அது. எந்தக் குழந்தையை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், எதைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். அவள் அதை ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருட்டுக்குள் நடந்து கற்றிருக்கிறாள். நாலு விரல் மண்ணும் அதற்குக் கீழே கல்லுமாக இருக்கும் இந்தத் தீவில், மழை பெய்ததும் எங்கிருந்தோ எழும்பும் அத்தனை பச்சையும் அவளுடைய விரல்களில் இருந்தது.

அவளுடைய ஆடொன்று வேலிக்கு அங்கால் கத்தியது. “சினையாடு. இண்டைக்கோ நாளைக்கோ போடும்,” என்று சொல்லிவிட்டு, கற்களைத் தடவிக்கொண்டு அவள் நடந்தாள். உள்ளே குழந்தை பாலுக்கு அழத் தொடங்கியிருந்தது. தாய் வந்து தூக்கும்வரை அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.