எதிரில் இருப்பவள்

"அப்பறம்?" என்பாள் அம்சவேணி. அவள் அப்படிக் கேட்டால்தான் சிவசங்கரன் விரலை நாக்கில் தொட்டு அடுத்த தாளைப் புரட்டுவான். எழுதி முடித்த கதையை வீட்டில் வாசிக்கும்போது அவன் தலையை நிமிர்த்துவதே கிடையாது. எதிரே அவள் முறத்தில் முருங்கைக்கீரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இலையை உருவ வேண்டியது, கதையைக் கேட்க வேண்டியது, பக்கம் முடிந்து அவன் நிறுத்தினால் "அப்பறம்?" என்று தள்ளிவிட வேண்டியது. இது அவர்கள் வீட்டு வழக்கம்.

அவளுக்குப் பேச்செல்லாம் தமிழ், படிப்பெல்லாம் தெலுங்கு. தெலுங்குச் சீமை எல்லையில், வடமாலபேட்டைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இது சகஜம். புருஷன் எழுதியதில் ஒரு வரியைக்கூட அவளால் தானாகப் படிக்க முடியாது. அதற்காகத் தேமே என்று கேட்டுக்கொண்டிருப்பவள் என்று நினைத்துவிடாதீர்கள். கதையில் எவனாவது பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தால் போதும், அவளுக்குத் தெலுங்கு வந்துவிடும். "போரா பனிகிமாலினோடா!" போடா உதவாக்கரை என்று அவள் போடும் போட்டில் எழுதியவனே பயந்துபோய் அந்த அடியை எடுத்துவிட்டதும் உண்டு.

பகலில் அவனுக்கு எஸ்.டி.டி. பூத். மெயின் ரோட்டின்மேல், மஞ்சள் போர்டு. வெள்ளிக்கிழமையானால் குவைத்திலிருந்து போன் வருமென்று சுற்றுவட்டாரமே அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் லீவு நாளில் பேசுவார்கள். இங்கே அம்மாக்களும் புருஷன்மார்களும் கண்ணாடிக் கதவுக்குள் நின்று அழுவார்கள். சிவசங்கரனின் முதல் பெண்டாட்டி யமுனாவும் அப்படிப் போனவள்தான். குவைத் சண்டை ஓய்ந்த மறு வருஷம், "ரெண்டே வருஷம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். பிறகு, அங்கேயே ஒருத்தரோடு குடும்பமாகிவிட்டேன், என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். பெரியவர்கள் கூடி அந்தக் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டு, கார்வேட்டிநகரத்திலிருந்து அம்சவேணியைக் கொண்டுவந்து கட்டி வைத்தார்கள். ஆனால் அவன் எழுதுவதென்னவோ இன்றைக்கும் யமுனாவைத்தான்.

எந்தக் கதையை எடுத்தாலும் ஒருத்தி புறப்பட்டுப் போவாள். பெயர் மாறும், ஊர் மாறும், ஆள் அவளேதான். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். காப்பியை நின்றுகொண்டே குடிப்பாள். ரசத்துக்கு மிளகை ஒன்றும் பாதியுமாகத் தட்டிப் போடுவாள். யமுனாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றாலும், திருப்பதி பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டால் அம்சவேணி அவளை அடையாளம் கண்டு கூப்பிட்டுவிடுவாள். கதை அச்சாகிப் பத்திரிகை வந்தால் அதற்குப் போட்டிருக்கும் படத்தைப் பார்ப்பாள். எப்போதும் ஒல்லியாக ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். "என்ன மாதிரி குண்டா ஒருத்திய போட மாட்டானா அந்தப் படம் வரையற ஆளு?" என்று சிரிப்பாள். அவள் வீட்டு ரசத்திலும் இப்போது மிளகு ஒன்றும் பாதியுமாகத்தான் மிதக்கிறது. எப்போதிலிருந்து என்று அவளுக்கே தெரியாது.

ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "இன்னாய்யா, என்ன எப்பதான் எழுதப் போற?"

"நீ எதுர்லயே கீற. உன்ன எதுக்கு எழுதணும்? காணாம பூட்டவங்களதான் எழுத முடியும்" என்றான் அவன்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவி மனுஷன். ஏதோ தொழில் நுணுக்கத்தை விளக்குகிறவன்போலச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். அவளுக்கோ அது நெஞ்சில் போய்த் தைத்துக்கொண்டது. அந்த வாரமே துணியைப் பையில் திணித்துக்கொண்டாள். "எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். நீ உக்காந்து எழுதிக்கினு கெட" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டாள்.

"சண்டையாம்மா?" என்று அண்ணன் சிட்டிபாபு கேட்டான்.

"சண்டையுமில்ல கிண்டையுமில்ல. அவரு எழுதறாரு. நான் எதுர்ல இருக்கக் கூடாது."

அண்ணன் வீட்டில் அவளுக்கு வேலை ஒன்றுமில்லை. உட்கார்ந்த இடத்தில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு பற்ற வைக்கும்போது நாம் ஏதோ முனகுகிறோமே, அதை எழுதுவாரா? பஸ்ஸில் ஏறினால் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொள்கிறோமே, அதை? தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்குமே? அட, எழுதுவதற்கு நம்மிடமும் என்னென்னவோ இருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமும் சந்தோஷமுமாக வந்தது. கூடவே அவன் ஞாபகமும் வந்து போட்டு அறுத்தது. வேளைக்குத் துன்னாரோ இல்லையோ! ஓடிப்போய்ப் பார்த்துவிடலாம்தான். போனால் மறுபடியும் எதிரில் இருப்பவளாகிவிடுவோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே வந்து நின்றான். அக்குளில் தாள்கள் வைத்த பை. அதைப் பார்த்ததுமே அம்சவேணிக்கு மனசு பொங்கிவிட்டது. சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். பைலயே வெச்சிக்கினு சுத்தறேன். நீ கேக்காம எப்டி அனுப்பறது?"

அண்ணி ஒடித்து வைத்திருந்த முருங்கைக்கீரையை அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "படி" என்றாள்.

வாசித்தான். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஒருத்தி மஞ்சள் பையோடு வரிசையில் நிற்கிறாள். நின்றுகொண்டே காப்பி குடிக்கிறாள். என்னவோ நினைத்துச் சிரிப்பு வருகிறது. கையால் வாயை மூடிக்கொள்கிறாள்.

அம்சவேணியின் விரல்கள் காம்பிலேயே நின்றுவிட்டன. அவன் குனிந்த தலை நிமிராமல் வாசித்துக்கொண்டே போனான். கதையில் அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடிக் கதவுக்குள் போனாள். பக்கம் முடிந்தது. விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு அவன் காத்திருந்தான்.

'அப்பறம்?' வரவில்லை.

இன்னும் சற்றுக் காத்துப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினான். கதை வாசிக்கும்போது அவன் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. 'அப்பறம்' அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்று, முறத்தின்மேல் குனிந்து, கீரையை ஒவ்வோர் இலையாக மெதுவாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.