ஆரோக்கியம் சொன்ன கௌபாய் படம்

போன வாரம் மாப்பிள்ளை ஒரு டிவி வாங்கிவந்து சுவரில் மாட்டினார். கதவு அகலம் இருக்கிறது. "மாமா, உங்களுக்குத்தான் கௌபாய் படம்னா உசுராச்சே, பாருங்க" என்று புதிதாக வந்த ஒரு படத்தைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இரண்டே முக்கால் மணி நேரம். ஒரு கட்டத்துக்கு மேல் யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குப் பிடிபடவில்லை. கதாநாயகன் என்று நான் நம்பியவன் ஒரு கிழவியைச் சுடுகிறான். வில்லன் என்று முடிவு கட்டியவன் மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறான். படம் முடியும்வரை ஒருத்தனும் முகம் கழுவவில்லை. குதிரைகூட ஏதோ யோசனையோடுதான் நடக்கிறது. எனக்கு அந்தக் குதிரை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

எனக்குச் சந்தேக புத்தி. ஊரறிந்த விஷயம், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. பிரியாணிப் பொட்டலம் வாங்கினால் கடை வாசலிலேயே பிரித்து, கறி இருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்ப்பேன். பூட்டு வாங்கினால் பூட்டி, இழுத்து, பக்கத்துப் பூட்டின் சாவியையும் அதில் போட்டுத் திருகிப் பார்த்த பிறகுதான் காசை எடுப்பேன். திண்டுக்கல்காரனுக்கே பூட்டு மேல் நம்பிக்கை இல்லை என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "இவரு சாமி கும்புடுறப்பவே ஒரு கண்ணத் தொறந்துதான் வச்சிருப்பாரு" என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்வாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வேறு எப்படிக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு எதையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுக்க ஒரு படம் எதற்கு? பழைய கௌபாய் படங்களில் இந்தத் தொல்லை கிடையாது. நல்லவன் ஊருக்குள் வருவான், கெட்டவன் பல்லைக் காட்டுவான், நடுத்தெருவில் கணக்கு முடியும். ஆறு குண்டு போகிற துப்பாக்கியில் இருபது தடவை சுடுவார்கள், மாடியிலிருந்து உருண்டு விழுந்தாலும் தொப்பி கழலாது. அதெல்லாம் என் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் சந்தேகத்தைச் சைக்கிளோடு ஸ்டாண்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். அந்த ஊரும் எங்களுக்கு அந்நியமில்லை. கள்ளி, கரடு, புழுதி, தூரத்தில் தண்ணீர் மாதிரி தெரிகிற கானல். வேடசந்தூர்ப் பக்கம் எங்கள் மில் வாசலில் நாலு குதிரையைக் கட்டிவிட்டால் அப்படியே படம் எடுத்திருக்கலாம்.

நான் இப்படிப் புலம்பிக்கொண்டிருந்தபோது மகள் ஒரு கிண்ணத்தில் சோளப்பொரி கொண்டுவந்து வைத்தாள். வெண்ணெய் வாசனை. அந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் நாங்கள் போன தியேட்டரில் வேறு வாசனை. வறுகடலையும் பீடியும், ஓரமாகப் போனால் மூக்கைப் பிடிக்க வைக்கிற இன்னொன்றும். அதோடு எங்கள் பங்குக்குப் பஞ்சுத்தூசி. மில்லில் வேலை பார்த்தவர்கள் எத்தனை தடவை குளித்தாலும் காது மடலில் கொஞ்சம் பஞ்சு இருக்கும். நாங்கள் ஒரு வரிசை உட்கார்ந்தால் அந்த வரிசையே தும்மும்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மட்டும் அங்கே இங்கிலீஷ் படம் போடுவார்கள். அன்றைக்குத்தான் எங்களுக்கு வார விடுமுறை. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மில் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வருவோம். நடுவில் ஆரோக்கியம் வருவான். அவனுக்கு நாங்கள்தான் டிக்கெட் எடுப்போம், இடைவேளையில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்போம். ஏனென்றால் எங்களில் அவன் ஒருத்தனுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். சாமியார் படிப்புக்குப் போய், இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். வெள்ளைக்காரச் சாமியார்களோடு புழங்கியவன், அவனுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு என்று மில்லில் பேச்சு. அந்தப் பேச்சை முதலில் கிளப்பியது யார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் போகிறவன் துண்டை விரித்து மூன்று வரிசையில் இடம் பிடிப்பான். நடு வரிசையில் நடு நாற்காலி ஆரோக்கியத்துக்கு. படம் ஓட ஆரம்பித்ததும் முன்வரிசை கழுத்தைத் திருப்பும், பின்வரிசை குனியும். திரையில் உதடு அசைந்தால் ஆரோக்கியத்தின் உதடும் அசையும்.

"என்னலே சொல்றான்?"

"பொறு. 'இந்த ஊர்ல ஒனக்கு என்ன சோலி'ங்கிறான். 'மாடு காணாமப் போச்சு, தேடி வந்தேன்'ங்கிறான் இவன்."

ஒரு தடவை போலீஸ்காரன் 'நோ' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். ஆரோக்கியம் அதற்கு அடுத்த சீன் வரும்வரை அர்த்தம் சொன்னான். போலீஸ்காரனுக்கு ஒரு தங்கச்சி இருந்ததாம், அவளைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லையாம்.

"அம்புட்டும் அந்த ஒத்த வார்த்தையிலயா இருக்கு?" என்று கேட்டேன்.

"அது சுருக்கமான பாஷைடா" என்றான்.

நானும் தலையாட்டினேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற நான். மில்லில் மேனேஜர் இங்கிலீஷில் ஒரு கடிதம் கொடுத்தால் ஆரோக்கியம் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, "கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேனே" என்பான். அவன் கண்ணாடி போட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அந்த நாட்களில் என் சந்தேகம் முழுக்க ஊரில் என் அண்ணன் மேல்தான் இருந்தது. சேவுகம்பட்டியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு. அப்பா இறந்த பிறகு அண்ணன்தான் பாடுபட்டார். நான் மில்லுக்கு வந்துவிட்டேன். அம்மா அண்ணனோடு இருந்தாள். ஒருநாள் டீக்கடையில் ஊர்க்காரர் ஒருவர், "ஒங்கண்ணன் கரண்டு ஆபீசுக்கு நடையா நடக்கிறாரே, என்ன சமாச்சாரம்?" என்று கேட்டார். அவ்வளவுதான். கிணற்று மோட்டார் இணைப்பைத் தன் பேருக்கு மாற்றுகிறார், நாளைக்குக் கிணறும் அவர் பேருக்குப் போய்விடும் என்று நான் முடிவு கட்டி, கேஸ் போடப்போகிறேன் என்று அந்த ஊர்க்காரரிடமே சொல்லியும் விட்டேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகத் திண்டுக்கல்லில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். சொந்த அண்ணன் மேல் கேஸ். திங்கட்கிழமை காலையில் வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்.

அதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போலக் காலைக் காட்சி. படத்தில் இரண்டு பேர். ஒருத்தன் கொஞ்சம் வயசாளி, ஒருத்தன் இளவட்டம். அண்ணன் தம்பி என்று ஆரோக்கியம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான். கடைசியில் பொட்டல்காட்டில் ஒரு கிணற்றுக்குப் பக்கத்தில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். இளையவன் துப்பாக்கியை நீட்டுகிறான். மூத்தவன் தன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஏதோ சொல்கிறான். தியேட்டரில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஆரோக்கியம் அன்றைக்கு மற்றவர்களுக்குச் சொல்வதுபோல உரக்கச் சொல்லவில்லை. என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னான்.

"'என்ன வேணா பண்ணு தம்பி, நான் எதுத்து நிக்க மாட்டேன். ஆனா அம்மாகிட்ட மட்டும் நீயே போய்ச் சொல்லிரு. அவ மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது.' அப்படிங்கிறான்."

படம் முடிந்து எல்லோரும் டீக்கடைக்குப் போனார்கள். நான் போகவில்லை. மறுநாள் வக்கீல் வீட்டுக்கும் போகவில்லை. வத்தலக்குண்டு பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்தார். உள்ளே போய்க் கரண்டு அட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அப்பா பேரில்தான் இருந்தது. கரண்டு சரியாக வராமல் மோட்டார் புகைந்துபோனதால் புகார் சொல்லத்தான் அவர் ஆபீசுக்கு நடந்திருக்கிறார். அப்போதும் நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால்தான் அந்தப் படம் எனக்கு வெறும் படம் இல்லை. பழைய கௌபாய் படம் ஒரு குடும்பத்தையே காப்பாற்றும், புதுப்படம் காப்பாற்றுமா என்று இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சவடால் அடித்திருக்கிறேன். மாப்பிள்ளையிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் கதையைக் கேட்டுக்கொண்டார். பொட்டல், கிணறு, துப்பாக்கியைக் கீழே போடுகிற மூத்தவன். அரைமணி நேரம் செல்போனில் தேடி அந்தப் படத்தையே கண்டுபிடித்துவிட்டார். "தமிழ் எழுத்தோட இருக்கு மாமா" என்றார்.

பார்த்தேன். அவர்கள் அண்ணன் தம்பியே இல்லை. பேங்கில் கொள்ளையடித்த இரண்டு திருடர்கள். மூத்தவன் துப்பாக்கியைக் கீழே போட்டதும் எழுத்து ஓடியது: 'என்னிடம் குண்டு தீர்ந்துவிட்டது. நீ ஜெயித்தாய். பெட்டி கிணற்றுக்குள் இருக்கிறது.'

இந்தத் தமிழ் எழுத்தை எவனோ மிஷினில் போட்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். மகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவளைக் கூப்பிட்டு அந்த இடத்தை நாலு தடவை கேட்க வைத்தேன். "சரியாத்தாம்பா போட்ருக்கான். அம்மாவப் பத்தி ஒரு வார்த்தகூட இல்ல" என்றாள். இது வேறு படமாக இருக்கும் என்றேன். ஆனால் அதே கிணறு, அதே முகங்கள். பிறகுதான் ஒன்று உறைத்தது. சுடப்படுகிறவன் எதற்கு அம்மாவிடம் சொல்வதைப் பற்றிக் கவலைப்படுகிறான்? செத்தவன் எப்படிப் போய்ச் சொல்வான்? அந்த வசனம் துப்பாக்கிச் சண்டைக்குப் பொருந்தவே இல்லை. கேஸுக்குத்தான் பொருந்தியது.

சந்தேகம் கிளம்பினால் எனக்குச் சோறு இறங்காது. கையெழுத்துப் போட இருந்ததற்கு முதல் நாள், என் காதில் மட்டும், கச்சிதமாக ஒரு வசனம். ஆரோக்கியத்தை யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள். யாருக்கு லாபம்? அண்ணனுக்குத்தான். அண்ணன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. நானே முன்னால் நின்று எல்லாம் செய்தேன். அந்த மனிதர் மேல் மறுபடியும் சந்தேகப்பட்டேன். அட்டை அப்பா பேரில் இருந்தது சரி, வேறு எதையாவது மறைத்திருப்பாரோ என்றுகூட யோசனை ஓடியது. புத்தி அப்படி. செருப்பால் அடித்தாலும் போகாது.

மறுநாள் காலையிலேயே ஆரோக்கியம் வீட்டுக்குப் போனேன். நாகல்நகரில் மகனோடு இருக்கிறான். வாசலில் நாற்காலி போட்டு அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் படத்துல ரெண்டு பேரும் அண்ணன் தம்பியே இல்லையேடா" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

எந்தப் படம் என்று அவன் கேட்கவில்லை. "இப்பத்தான் பாத்தியா" என்றான். "ஒக்காரு."

"ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமா, தெரியாதா?"

"எங்க தெரியும்? செமினரில ரெண்டு வருசமும் மாட்டுக்குத் தீவனம் வச்சேன். சமையக்கட்டுல பாத்திரம் கழுவுனேன். நீங்களாத்தான் தெரியும்னு சொன்னீங்க. டீயும் வாங்கிக் குடுத்தீங்க. நான் ஏன் வேணாங்கப் போறேன்?"

அப்படியானால் நான் பார்த்த ஐம்பது அறுபது படமும் இவன் கதைதான். எனக்குச் சிரிப்பதா, உதைப்பதா என்று தெரியவில்லை. ஆனால் நான் வந்த காரியம் அது இல்லை.

"எங்கண்ணன் ஒன்னைய அனுப்புனாரா? உண்மையச் சொல்லு."

ஆரோக்கியம் அவரைக்காயைக் கீழே வைத்தான்.

"அனுப்பல. ஒங்கண்ணன் மில் கேட்டுக்கு வந்தாரு. ரெண்டு நாள் வந்தாரு. ஒன்னையப் பாக்கணும்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லி விட்டாரு. நீதான் லீவுன்னு சொல்லச் சொல்லிட்டு உள்ள இருந்த."

உண்மைதான். கேஸுக்குச் சமாதானம் பேச வந்திருக்கிறார், பேச்சில் மயக்கிவிடுவார் என்று நான் வெளியே போகவில்லை.

"ரெண்டாம் நாளு ஷிப்டு முடிஞ்சு நான் வாரேன், வெயில்ல நிக்கிறாரு. நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன். ஏதோ சொன்னாரு. 'ஒன்னையச் சொல்லச் சொல்லல தம்பி, மனசு கேக்காமச் சொல்றேன்'னாரு. ஒங்கிட்ட நேராச் சொல்லலாம்னுதான் பாத்தேன். 'எங்கண்ணன் ஒனக்கு எவ்வளவு குடுத்தாரு'ன்னு நீ கேட்டிருப்ப."

கேட்டிருப்பேன். இப்போதும் அதைக் கேட்கத்தானே போயிருந்தேன்.

"என்ன சொன்னாரு?"

"அதான் தியேட்டர்ல சொன்னேனே. ஒரு வார்த்தகூட நான் சேக்கல."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் செத்த நேரம் நின்றேன். இப்போது அங்கே ஒரு ஜவுளிக்கடை. வாசலில் பொம்மைகளுக்குச் சேலை கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அழுகை வந்தது. அழுதேன். ஒரு பெண் வந்து, "என்ன தாத்தா, மயக்கமா வருதா?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தது.

கையெழுத்துப் போடாமல் ஊருக்குப் போன அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அண்ணனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று, நேற்று ஒரு இங்கிலீஷ் படம் பார்த்தேன், அதில் ஒரு அண்ணன் இப்படிச் சொல்கிறான் என்று அந்த வசனத்தை அப்படியே அவரிடம் சொன்னேன். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்தபடி, "எவனோ வெவரமானவன் எழுதியிருக்கான் தம்பி" என்றார். ஆமாம், வெள்ளைக்காரனுக்கு இருக்கிற அறிவு நம்ம ஆளுக்கு வருமா என்று நான் சொன்னேன். அதற்கும் அவர், "வராதுல்ல" என்றுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். அது தான் சொன்ன வார்த்தை என்று ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. வத்தலக்குண்டுக்கு இப்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடுகிறது. போய்ச் சொல்வதற்குத்தான் அண்ணன் இல்லை.