பேடியா அப்பா

கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில். திருநெல்வேலியிலிருந்து மலையாளச் சீமைக்குப் பிழைக்க வந்து, தம்பானூரில் ஒரு ஓட்டலில் பன்னிரண்டு வருஷமாகப் பரோட்டா மாஸ்டர். மாவைப் பிசைந்து வீசி இறுகிப்போன கை, வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்திருக்கிறேன். மகளின் போனைத் தரையில் அடித்து உடைத்திருக்கிறேன். கணக்கில் அவள் பெயிலானபோது பெல்ட்டைக் கழற்றி, கை ஓயும் வரை விளாசினேன். என் அப்பா என்னை அடித்ததில் இது பாதிகூட இல்லை என்று பெருமை வேறு.

போன வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கவுன்சிலர் அம்மா ஒருவர் மலையாளத்தில் பேசினார். பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் பாசத்தை மனசுக்குள் வைத்திருந்தால் போதாது, வாயால் சொல்லுங்கள், தொட்டுச் சொல்லுங்கள், இன்றைக்கே சொல்லுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும் கரமனை பஸ்ஸில் நின்றபடி ஒத்திகை பார்த்தேன். ஒரே பிள்ளை. என்னிடம் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிவிட்டது. இப்படியே விட்டால் அவள் எனக்கு இல்லாமலே போய்விடுவாள் என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏட்டி, அப்பாவுக்கு ஒன் மேல உசுரு, தெரியுமா?"

சொல்லிக்கொண்டே தலையைத் தடவக் கையைத் தூக்கினேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோரம் சுருண்டாள்.

"என்னத்துக்குட்டி ஒதுங்குத?"

"பேடியா, அப்பா."

பேடி என்றால் மலையாளத்தில் பயம். எனக்குத் தெரியாத சொல்லா? ஓட்டலில் தினமும் கேட்கிறேன். ஆனால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பேடி என்றால் ஆண்மையில்லாத கோழை. ஆசையாகப் போனவனை விட்டு விலகினாளே என்று ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அந்த எரிச்சலில் காதில் தமிழ்தான் விழுந்தது. நீ பேடியா என்று பெற்ற மகள் கேட்கிறாள்.

"யாரப் பாத்துட்டி பேடிங்க?"

ஓங்கி அறைந்தேன். தலை சுவரில் மோதிய சத்தம் கேட்டது. முடியைப் பிடித்து இழுத்து இன்னொன்று விட்டேன். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது. அடுக்களையிலிருந்து ஓடிவந்த மனைவி, கையிலிருந்த தோசைக்கரண்டியால் என் முழங்கையில் ஒரே போடாகப் போட்டாள்.

"பயமா இருக்குன்னுதான்யா சொன்னா! ஒன்னப் பாத்து பயமா இருக்குங்கா, பாவி!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. வலியைவிட வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உதட்டில் இரண்டு தையல் போட்டார்கள். பெல்ட்டைத் தூக்கி எறிந்தேன். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் மேல் கை வைக்கவில்லை.

போன வாரம் சாப்பிடும்போது மனசு தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"இப்பவும் அப்பாட்ட பயமாட்டி?"

"ஆமாப்பா. பயமாத்தான் இருக்கு."

தட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள். சிநேகிதிகளோடு மலையாளத்தில் பொரிந்து தள்ளுகிறாள். அம்மாவோடு இரண்டையும் கலந்து வாயாடுகிறாள். என்னிடம் மட்டும் தமிழ்தான், ஒவ்வொரு சொல்லாக யோசித்து, என் காதில் தப்பாக விழுந்துவிடாதபடிக்கு.