மேடையில் விட்டுப்போன ஒரு தட்டு

வெள்ளிக்கிழமை காலை, கை நிறைய மீன் செதிலோடு நின்றிருந்தபோது கைப்பேசி அடித்தது. காதர் அண்ணனின் மகன். "மாமி, அத்தா மவுத்தாயிட்டாங்க. ஜும்ஆ தொழுகைக்கு அப்புறம் அடக்கம்," என்றான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போன மாதம்தான், "கோலசிலாங்கூர் பக்கம் வந்துட்டு கடைக்கு வராம போனியா, அப்புறம் ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்," என்று மிரட்டிய மனிதர். சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா கிளம்புவது? நான் இருக்கும் புக்கிட் செந்தோசாவிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அதற்குள் எடுத்துவிட்டார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எண்பதுகளில் எங்கள் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் பாடிய இசைக்குழுவில் அவர் டிரம்ஸ், நான் பாட்டு. அவருடைய சிவப்பு எலக்ட்ரானிக் டிரம்ஸை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். குச்சியால் அடிக்கும் தட்டுகளில் ஒன்று மட்டும் அதில் எப்போதும் இருக்காது. வெறும் குழாய்தான் நீட்டிக்கொண்டு நிற்கும். காரணம் கேட்டால், "எலி தின்னுடுச்சு" என்று சிரித்து மழுப்பிவிடுவார். தான் செய்த எதையும் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிக்கிற மனிதர், இந்த ஒன்றை மட்டும் வெளியே சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டிவைத்திருந்தார். இனி என்னைத் திட்ட அவர் வரப்போவதில்லை. சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர், எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "புதுப் பாட்டுல வருதே, அந்த டூம் டூம் சத்தம், அது இருந்தா திருவிழா மேடை உங்களுக்கு. இல்லாட்டி கிள்ளான்ல இருந்து ஆள் கூப்பிடுறோம்." காதர் அண்ணன் கோலாலம்பூருக்குப் போய் அந்த டிரம்ஸைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த விலைக்கு ஒரு பழைய காரே வாங்கலாம். அவர் அசரவில்லை. "மூளைய மட்டும் காசு குடுத்து வாங்குவோம் புஷ்பா, தோலை நாமளே செஞ்சுக்கலாம்," என்றார். ஓட்டல் குழுவொன்றில் வாசித்துச் சலித்துப்போன ஒரு சீனரிடம், சத்தம் எழுப்பும் பெட்டியை மட்டும் பழையதாக வாங்கினார். அதற்கு அவருடைய மோட்டார் சைக்கிள் போனது.

மற்றதெல்லாம் அவர் அத்தாவின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால், கோதுமை மாவு மூட்டைகளுக்கு நடுவில் பிறந்தது. ஆறு மூலையாக அறுத்த பலகை. அதன்மேல் மெத்தைப் பஞ்சு. அதற்கும் மேல், கடைக்கு டீ குடிக்க வரும் பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெரியவர், பாக்சிக் ஒருவர் தந்த ரப்பர் ஷீட். பலகைக்கு அடியில், மணியடிக்கும் பஸ்ஸருக்குள் இருக்குமே, அந்தச் சின்னப் பித்தளைத் தகடு. மேலே அடிக்கும் அதிர்வு அதிலிருந்து ஒரு வயர் வழியாகப் பெட்டிக்குப் போகும். தண்ணீர்க் குழாயை வெட்டி ஒட்டவைத்த கால்கள். கறிக்குழம்பு வாசமும் ரப்பர் நாற்றமும் சேர்ந்து குடலைப் புரட்டும். "சோத்துத் தட்டா, டிரம்ஸ் தட்டா, எதுல சோறு போடுவீங்க?" என்று நான் கிண்டல் செய்தால், "சத்தம் வரலன்னா வயரைப் பாரு, வந்துச்சுன்னா என்னைப் பாரு," என்பார். எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும், அதுதான் அவருக்கு. தட்டுகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்து, மேடையில் போட பளபளவென்று ஒரு சட்டையும் தைத்து வைத்திருந்தார்.

எனக்கோ வேறு கவலை. என் அப்பா அந்தத் தோட்டத்து மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. செரண்டா தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு என்னைப் பேசி முடித்து வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு மேடைப் பாட்டு பிடிக்காது. கெஞ்சிக் கூத்தாடி இந்த ஒரு திருவிழாவுக்கு அனுமதி வாங்கியிருந்தேன். "பாடு. ஒரு சிரிப்பு, ஒரு ஏச்சு என் காதுல விழுந்துச்சு, அன்னியோட உன் பாட்டு முடிஞ்சுது. தை பொறந்தா கல்யாணம்," என்றார் அப்பா. அவர் சொன்னால் சொன்னதுதான்.

திருவிழா அன்று சாயங்காலம் டிரம்ஸை மேடையில் ஏற்றினோம். கடையின் சிமெண்டுத் தரையில் மாதக்கணக்கில் வாசித்துப் பார்த்தது, ஒரு குறை கிடையாது. ஆனால் தோட்டத்து மேடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே. எண்ணெய்த் தோம்களை, காலிப் பீப்பாய்களை, வரிசையாக வைத்து மேலே பலகை. கீபோர்டு வாசிப்பவர் மேடையில் ஏறி இரண்டு எட்டு வைத்தார். டூம், டூம். யாரும் டிரம்ஸைத் தொடவில்லை. நான் நடந்தேன், அதற்கும் டூம். குச்சியால் அடித்தால் என்ன, பலகை ஆடினால் என்ன, அந்தத் தகட்டுக்கு எல்லாம் ஒன்றுதான். வெளியே உறுமி மேளம் நெருங்க நெருங்க, டிரம்ஸ் பேய் பிடித்ததுபோலத் தானே அலறியது. கீழே நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. கால்களுக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வேண்டும். அவசரத்தில் கண்ணில் பட்டது கோயில் வாசலில் குவிந்து கிடந்த ரப்பர் செருப்புகள். நாலைந்தை அள்ளிக்கொண்டு வந்து குழாய்களுக்கு அடியில் சொருகினார். மேடை, அம்மனின் முகத்துக்கு நேர் எதிரே.

"டேய்! அம்மனுக்கு நேரா செருப்பா?" கிராணியின் குரல் மைக் இல்லாமலே தோட்டம் முழுக்கக் கேட்டது. கூட்டத்திலிருந்து யாரோ, "பாய்க்கு என்னடா தெரியும், எறக்குங்க கீழ," என்றான். அந்தப் பாய்தான் வருடா வருடம் அந்தக் கோயில் அன்னதானத்துக்குப் பாத்திரம் தேய்த்தவர். எனக்கு அவன் நாக்கை இழுத்துவைத்து அறுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அப்பா எழுந்துவிட்டார். மேடைப் படியில் கால் வைத்து, "புஷ்பா, எறங்கு," என்றார்.

காதர் அண்ணன் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். "தலைவரே, புத்தி கெட்டுப் போய் வச்சிட்டேன். தப்பு என்னுது. மண்டோர் ஐயா, பாப்பாவ எறக்காதீங்க. இந்த டிரம்ஸ்தான் மேடைக்கு ஆகாது. நான் எறங்கிக்கிறேன்." கிராணி அம்மன் பக்கம் திரும்பிப் பார்த்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார். "சரி, சீக்கிரம் ஆகட்டும்," என்றார். அப்பா திரும்பிப் போய் உட்கார்ந்தார். கை கட்டியது கட்டியபடியே இருந்தது.

டிரம்ஸ் மொத்தத்தையும் அண்ணன் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் ஓரமாக வெறும் மண்ணில் இறக்கினார். மண் ஆடாது. ஆனால் அங்கிருந்து அவருக்கு மேடை தெரியாது, மேடைக்கு அவர் தெரிய மாட்டார். ஜெனரேட்டர் இரைச்சலில் என் பாட்டின் ஆரம்பம் எப்படிக் கேட்கும்? ஒரே ஒரு தட்டை மட்டும் கழற்றி, என் காலடியில் பலகையின் மேல் வைத்தார். அதன் சத்தம் வெளியே போகாமல் தன் காதில் மாட்டிய ஹெட்போனுக்கு மட்டும் வருகிற மாதிரி வயரை மாற்றினார். "குதிகாலால பலகையில தாளம் போடு. எனக்குக் கேக்கும். நான் வந்துருவேன்," என்றார். சற்று முன்பு எங்களைக் கவிழ்த்த அதே கோளாறைத்தான் என் காலில் கட்டிவிட்டுப் போனார்.

என் கால் நடுங்கியது. அந்த நடுக்கமே அவருக்குக் கேட்டுவிடுமோ என்று அதற்கொரு பயம். நான்கு தட்டு தட்டினேன். கீழே ஒன்றுமில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அப்பாவைப் பார்த்தேன். அந்தக் கணத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பியதுபோல டூம் என்று வந்தது பாருங்கள்! பலகை வழியாக என் முதுகுத்தண்டு வரை ஏறியது. கூட்டம் கத்தித் தீர்த்தது. அதற்கப்புறம் எனக்குப் பயமே இல்லை.

இரண்டு பாட்டு முடிந்ததும் ஒருவன் கத்தினான்: "டிரம்ஸ் எங்கடா? கேசட் போட்டு ஏமாத்துறானுங்க டோய்!" சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. மேடையின் பின்விளிம்புக்குப் போய்க் குனிந்து, "அண்ணே, ஒரு பாட்டுக்காவது வெளிய வந்து நில்லுங்க, மூஞ்சியக் காட்டுங்க," என்றேன். அந்தப் பளபளச் சட்டை இருட்டிலும் தெரிந்தது. "நான் எதுக்கு? மண்டோர் கை கட்டுறத விட்டுட்டாரா, அதப் பாரு. நீ பாடு லா," என்றார். பார்த்தேன். அப்பாவின் கைகள் முழங்கால் மேல் இருந்தன. ஒரு விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "அடுத்த கச்சேரி எங்க?" செரண்டாக்காரருக்கு வேறு பெண் கிடைத்தது. நான் இருபது வருடம் பாடினேன். அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணன் வாங்கவில்லை. "அது உன் கால் சத்தத்தக் கேட்ட தட்டு. இனிமே என் கைக்கு அடங்காது," என்றார்.

அன்று வாசித்தது கேசட் என்று இன்னமும் சொல்லித் திரிகிறவர்கள் இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள். சாயம் உரிந்த பலகை இருக்கிறது, வெயில் காலத்தில் கையில் பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அதுவும், பாட்டுக்கு முன்னால் தானாகத் தட்டும் இந்தக் குதிகாலும்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகு, அவர் கடையின் பின்பக்கம், அந்தச் சிமெண்டுத் தரையில் தனியாக நின்றேன். கால் தானாக நான்கு முறை தட்டியது. "கீழ மண்ணுலதான் இருக்கீங்க அண்ணே. வந்துருவேன்னு சொன்னீங்களே," என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.