ஆயாவின் இங்கிலீஷ்

முன்னறையில் நாற்காலி கிறீச்சிடும் ஓசை கேட்டது.

சமையலறையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த சாந்தமேரியின் கை அப்படியே நின்றுவிட்டது. வந்தவர் எழுந்துவிட்டார்! இப்போதுதானே உட்கார்ந்தார்?

"என்னடி, எழுந்துட்டாரா?" என்று திரைச்சீலை ஓரம் நின்ற மகள் கேத்தரினைக் கேட்டாள்.

"ஆமாம்மா. மொகமெல்லாம் செவந்து கெடக்கு. அப்பா கையைப் பிசையுறாரு. என்னத்தம்மா சொன்ன?"

"மரியாதையாத்தான் சொன்னேன். மாதாவே, ஒண்ணும் வெளங்கலையே!"

வந்தவர் கிரிகரி. கிள்ளானில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. கோயில் திருவிழாவில் கேத்தரினைக் கண்ட அவருடைய மகன், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அவளும் அன்று முதல் அவன் நினைவாகவே இருந்தாள். பெண்களோடு பூ வைக்க வருமுன் வீட்டைப் பார்த்துப் போகத் தகப்பன் மட்டும் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. சம்பந்தம் செய்யும் வீட்டில் நாலு வார்த்தை இங்கிலீஷ் புழங்க வேண்டும்.

கேத்தரின் கன்னியாஸ்திரீகளின் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள்தான். ஆனால் பூ வைக்கும் வரை பெண் வெளியே தலைகாட்டக் கூடாதே! ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த தகப்பன் இருதயத்துக்கோ இங்கிலீஷ் வாடையே ஆகாது. மிஞ்சியது சாந்தமேரி. ஏரித் தோட்டத்து மேட்டில் ஒரு துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள் அவள். இங்கிலீஷ் கேட்கும் வீட்டில் தன் இங்கிலீஷையும் காட்டினால்தானே மகளுக்கு வாழ்வு?

அதனால் வாசலில் அவர் தலை தெரிந்ததுமே, "கம் இன்!" என்றாள். உள்ளே வந்தவரிடம், "சிட் டவுன்!" என்றாள். அவர் சட்டென்று உட்கார்ந்தார். முறுக்குத் தட்டை நீட்டி, "ஈட் அப்!" என்றாள். கடித்த முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் விழித்தபோது, கூச்சப்படுகிறார் என்று எண்ணி, சிரித்த முகத்தோடு, "கம் ஆன், ஹரி அப்!" என்று சொல்லிவிட்டுக் காப்பி எடுக்க உள்ளே வந்திருந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

முன்னறையில் இருதயத்தின் குரல் தடுமாறியது. "ஏண்ணே, அவ ஏதும் திட்டிப்புட்டாளா?"

"திட்டலை."

"அப்ப மரியாதையாத்தான் சொன்னாளா?"

"மரியாதையும் இல்லை."

"பொறவு என்னதாண்ணே சொன்னா?"

"சாப்பிடச் சொன்னாங்க!"

இருதயம் வாயைப் பிளந்தான். சாப்பிடச் சொன்னதற்கு ஒரு மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புவாரா?

"ஒனக்குச் சொன்னா புரியாது, இருதயம். ஆபீசுல விடிஞ்சா அடைஞ்சா துரை என்னை வெரட்டுறது இந்த வார்த்தையாலதான். 'கம் இன்'னு கத்துவான், ஓடுவேன். 'ஹரி அப்'பும்பான், பறப்பேன். இங்க வந்து உக்காந்தா, ஒன் சம்சாரம் சொல்லச் சொல்ல என் ஒடம்பு தானா ஆடுது! நான் என்ன இந்த வீட்டு வேலைக்காரனா? இங்கிலீஷ் கேட்டேன், சரிதான். அதுக்காக நாக்காலயே செருப்பெடுத்து அடிக்கிறதா?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். திரைக்குப் பின்னால் கேத்தரின் விம்மினாள். அந்த விம்மல் தாயின் நெஞ்சைக் கிழித்தது. சாந்தமேரி தலைதெறிக்க வாசலுக்கு ஓடிவந்தாள். பதற்றத்தில் அவள் வாயில் வந்ததும் அதே பாஷைதான்.

"கம் பேக்!"

கிரிகரி திரும்பினார், உள்ளே வந்து விறைப்பாக நின்றார். நின்ற பிறகுதான், தான் ஏன் வந்தோம் என்று அவரே திகைத்தார்.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்க," என்று கதறினாள் சாந்தமேரி. "எனக்கு இங்கிலீஷ் யாரு சொல்லிக் குடுத்தா? துரைசானி பெத்துப்போட்ட ராபியத் தோள்ல போட்டு வளத்தவ நான். துரைசானி பிள்ளைகிட்டச் சொல்றதக் கேட்டு நானும் சொன்னேன். சோறு ஊட்டையில 'ஈட் அப்'. படியில தவழ்ந்து வரப்ப 'கம் ஆன்'. சீமைக்குப் படிக்கக் கப்பல்ல ஏத்துனப்ப என் சேலைய விடமாட்டேன்னு அழுதான். 'சியர் அப் ராபி, சியர் அப்'னு சொல்லிக்கிட்டே நானும் அழுதேன். கொஞ்சுறதுக்குத்தாண்ணே அந்த வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியும். ஆள வெரட்டத் தெரியாது!"

கிரிகரி நெற்றியைத் தடவினார். ஆபீசில் கேட்ட வார்த்தையா இது? அந்தக் குழந்தை கேட்ட வார்த்தையா?

"காப்பி ஆறிப் போயிருக்கும்," என்றார் கடைசியில், யாரிடமோ சொல்வது போல.

சாந்தமேரி ஓடிப்போய்ச் சூடாக்கி எடுத்து வந்தாள். நீட்டும்போது வாய்வரை வந்த வார்த்தையை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"பரவால்ல, சொல்லும்மா. அந்தப் புள்ளைக்குச் சொல்ற மாதிரியே சொல்லு."

"ட்ரிங்க் அப்," என்றாள், கேட்டும் கேட்காமலும்.

அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கண் கலங்கியிருந்தது. காப்பியின் சூட்டாலா, வேறெதனாலா, யார் கண்டது?

"வர்ற ஞாயித்துக்கிழமை பொம்பளைங்களோட வரோம். பூ வைக்க," என்றார்.

திரைக்குப் பின்னால் விம்மல் நின்றது. சாந்தமேரிக்கோ மகிழ்வதா அஞ்சுவதா என்று புரியவில்லை. மனமாரச் சொன்னாரா? இல்லை, திரும்பி வா என்றதும் கால் திரும்பியது போல, வாயும் தானாகச் சொல்லிவிட்டதா? கேட்டுவிடத் துடித்தாள். எந்தப் பாஷையில் கேட்பது?

கிரிகரி வாசற்படியில் தயங்கி நின்றார். அவளிடமிருந்து இன்னொரு வார்த்தைக்காகக் காத்திருப்பது போலிருந்தது.

"அனுப்பி வையிடி, கிள்ளான் ரயிலு போயிரும்," என்று கிசுகிசுத்தான் இருதயம்.

அனுப்பிவைக்கும் இங்கிலீஷ் அவளுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் அதற்கும் அவர் கால் தானாக நகர்ந்துவிடுமே! நா எழவில்லை. கைகூப்பினாள்.

"போயிட்டு வாங்கண்ணே."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்தார்.

"வரேன், தங்கச்சி."

குடையை விரித்துக்கொண்டு தண்டவாளத்து ஓரமாக நடந்தார். அவர் உருவம் மறையும் வரை பார்த்திருந்துவிட்டு, சாந்தமேரி மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.